பூட்டிய ஃபோல்டரில் ஒரு பிள்ளையார்

ஜூலை 14, திங்கள்

ஆல்பம் வெளியாக இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. ஆடிப் பதினெட்டு அன்று அடுத்த வருடத்துக் காலண்டர் படங்களின் மாதிரி ஆல்பத்தைச் சாமி முன்னால் வைத்து ஏஜெண்டுகள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது சிவகாசியில் எழுதாத சட்டம். அதற்குள் எங்கள் பிரஸ்ஸில் எல்லோருக்கும் ரத்தக் கொதிப்பு வந்துவிடும். எனக்கு ஏற்கெனவே இருக்கிறது.

என் வேலை சர்வரைப் பார்த்துக்கொள்வது. டிசைன், தேதித்தாள், கணக்கு எல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள்தான் இருக்கின்றன. யாருக்கு எந்த ஃபோல்டர் திறக்கலாம், எது திறக்கக்கூடாது என்று அனுமதி போடுவது நான். வேலை ஓடினால் என்னை ஒருவரும் நினைப்பதில்லை. நின்றால், “தமயந்தி எங்க?” என்று மூன்று மாடியும் கத்தும்.

மத்தியானம் அந்தோணி புதிய முருகன் படத்தை முடித்தார். பச்சை பார்டர். சின்ன முதலாளி ஹரிராம் அதை அந்தோணியின் கம்ப்யூட்டரிலிருந்தே தன் போனுக்கு ஏற்றிக்கொண்டு, திண்டுக்கல் ஏஜெண்டுக்கு டீ வாங்கிக் கொடுத்து, காட்டிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு பெரிய முதலாளி தனுஷ்கோடி அண்ணாச்சி வந்து பார்த்து, “முருகனுக்குப் பச்சையா? செகப்பு போடுப்பா” என்றார். சாயங்காலம் சிவப்பாக மாற்றித்தான் சர்வரில் ஏற்றினார்கள். பச்சையோ சிவப்போ, எனக்கு இடம் அடைக்கிற கோப்பு ஒன்று.

முழங்கால் வலி. கேஸ் புக் பண்ண மறந்தேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. கீழே பூஜை. சாம்பிராணிப் புகை எனக்கு ஆகாது, அதனால் சர்வர் அறையிலேயே இருந்துவிட்டேன். பொங்கல் மேலே வந்தது. ஆறியிருந்தது.

ஜூலை 22, செவ்வாய்

இடி விழுந்தது. எதிர் பிரஸ்ஸின் சாம்பிள் தாள் ஒன்றை யாரோ கொண்டுவந்து அண்ணாச்சி மேஜையில் போட்டுவிட்டார்கள். எங்கள் முருகன். அதே வேல், அதே மயில், அந்தோணி வரைந்த அதே மேகம். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஹரிராம் என்னிடம் ஓடி வந்தார். “அக்கா, ஆல்பம் ஃபோல்டர் நிர்வாகத்துக்குள்ள பூட்டியில்ல இருக்கு? நாலு பேரத் தவிர யாருக்கும் தொறக்காதுல்ல?”

“ஆமா தம்பி.”

“அப்ப எப்படி வெளிய போச்சு? யார் யார் தொறந்தாகன்னு எடுத்துக் குடுங்க.”

சர்வரில் ‘பொது’ என்று ஒரு ஃபோல்டர். எல்லோருக்கும் திறக்கும். ‘நிர்வாகம்’ என்று இன்னொன்று. அண்ணாச்சி, ஹரிராம், அந்தோணி, நான், இந்த நாலு பேருக்கு மட்டும். ஆல்பம் ஃபோல்டர் முன்பு பொதுவில்தான் இருந்தது. படித்து முடித்து வந்த ஹரிராம்தான், இது என்ன சந்தைக்கடையா என்று சொல்லி, தை மாதம் நிர்வாகத்துக்குள் கொண்டுபோனார். என்னைக் கேட்கவில்லை. அவரே இழுத்துப் போட்டுவிட்டு, “முடிச்சிட்டேன்க்கா” என்றார். யார் திறந்தாலும் பதிவாகும்படி மட்டும் அன்று என்னைச் செய்யச் சொன்னார். நாளைக்கு எடுக்கிறேன். இன்று கண் எரிகிறது.

ஜூலை 23, புதன்

எடுத்தேன். எடுக்காமலே இருந்திருக்கலாம்.

நாலு பேரைத் தவிர ஒரே ஒரு பெயர். செல்லக்கனி. ஒரு நாள் விடாமல், காலையில் வந்ததும் வராததுமாக.

செல்லக்கனி தேதித்தாள் பிரிவு. ராகுகாலம், எமகண்டம், நல்ல நேரம் டைப் அடிக்கிற பெண். ஆல்பத்துக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஹரிராம் பட்டியலை வாங்கிப் பார்த்தார். பிறகு அந்த ஃபோல்டரை முதலில் உண்டாக்கியது யார் என்று பார்க்கச் சொன்னார். அதிலும் செல்லக்கனி பெயர்தான்.

“நான் பூட்டுன இடத்துக்குள்ள இவ பேர் எப்படிக்கா வந்துச்சு? இவ கொழுந்தன் அந்த பிரஸ்லதான மெஷின் ஓட்டுறான்?”

எனக்குத் தெரியும், அந்தப் பெயர் எப்படி வந்தது என்று. பிரஸ்ஸில் பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். வருடாவருடம் ஆடிப் பதினெட்டு அன்றே அதற்கு அடுத்த ஆல்பத்துக்கும் ஃபோல்டர் திறந்து, முதல் படமாகப் பிள்ளையாரைப் போட்டுவிடுவது அண்ணாச்சி வழக்கம். அதைச் செல்லக்கனி கையால்தான் திறக்க வைப்பார். அவள் வேலைக்குச் சேர்ந்த வருடம் ஆர்டர் குவிந்ததாம். அவள் கைராசி. நாலு ஏஜெண்டு சூழ நிற்க, சூடம் காட்டி, அவள் தன் கம்ப்யூட்டரில் பொது ஃபோல்டருக்குள் ஒரு ஃபோல்டர் உண்டாக்குவாள். ஹரிராம் அப்போது வெளியூரில் படித்துக்கொண்டிருந்தார்.

இதைச் சொன்னேன். “அது பழைய கதைக்கா. இப்ப தெனமும் தொறக்குறாளே, அதுக்கு என்ன சொல்றீக?” என்றார். அண்ணாச்சி எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் வாய் திறக்கவில்லை.

மத்தியானம் செல்லக்கனியை இனி வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். டிபன் பாக்ஸைக்கூடக் கழுவாமல் பையில் போட்டுக்கொண்டு போனாள். நான் ஜன்னலில் நின்றிருந்தேன். அவள் மேல் எனக்குப் பெரிய பிரியம் ஒன்றும் கிடையாது. அதையும் எழுதித்தான் வைக்கிறேன்.

ஜூலை 24, வியாழன்

ஓட்டையை அடைக்கச் சொல்லி ஹரிராம் உயிரை எடுத்தார். மேலிருந்து அனுமதிகளை எல்லாவற்றுக்கும் இறக்கும்படி அமுக்கினேன். ஒரு பழைய தவறான கட்டளை எங்கோ ஒளிந்திருந்து, அதுவும் சேர்ந்து இறங்கிவிட்டது. பத்து நிமிடத்தில் அந்தோணிக்கு ஆல்பம் திறக்கவில்லை, கணக்குப் பிரிவுக்குக் கணக்கு திறக்கவில்லை, அண்ணாச்சிக்கு அவருடைய பேத்தி போட்டோகூடத் திறக்கவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. பேக்கப்பிலிருந்து பழைய அனுமதிகளை அப்படியே திருப்பி வைத்தேன். ஓட்டையும் திரும்பி வந்திருக்கும். எங்கே என்று தெரியாமல் எதை அடைப்பது?

சோறு வைக்கவில்லை. ரஸ்க்கும் டீயும்.

ஜூலை 25, வெள்ளி

ஆடி வெள்ளி. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாசல் படியில் செல்லக்கனி. கையில் ஒரு தூக்குவாளி.

“கோயில்ல கூழ் ஊத்துனாகக்கா. ஒங்களுக்குப் பிடிக்கும்னு வாங்கிட்டு வந்தேன்.”

எனக்குக் கூழ் பிடிக்கும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள் தெரியவில்லை. உள்ளே வரச் சொன்னேன்.

“நீ எதுக்கு தெனமும் அந்த ஃபோல்டரத் தொறந்த?”

“என்னக்கா இப்படிக் கேக்கீக? அதுல பிள்ளையார் இருக்காருல்ல. நான் போட்ட பிள்ளையார். என் ஸ்கிரீன்ல ஒரு பொத்தான் வச்சிருக்கேன். காலைல வந்ததும் அதத் தட்டித் தொறந்து, தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் டைப் அடிக்க உக்காருவேன். வேற எதையும் தொட மாட்டேன்க்கா. சத்தியமா.”

“அது பூட்டுன ஃபோல்டர்னு ஒனக்குத் தெரியாதா?”

“பூட்டியிருந்தாத் தொறக்குமா? தொறந்துச்சே!”

பூட்டு போட்டதாக நினைத்துக்கொண்டிருப்பவர்களைவிட அவள் தெளிவாகத்தான் இருக்கிறாள்.

பிறகு அழுதாள். வீட்டில் புருஷனுக்கும் கொழுந்தனுக்கும் அடிதடி ஆகிவிட்டதாம். “நீதான் ஒங்க அண்ணன் பொண்டாட்டிய வச்சு டிசைன் வாங்குனியான்னு அவுக பிரஸ்ல கொழுந்தனக் கேட்டுட்டாகளாம். இவரு எங்கிட்டயே கேக்காருக்கா, நெசமாவே எடுத்துக் குடுத்தியான்னு. நாளைக்கு வேற பிரஸ்ல போய் நின்னா, திருடிக்கு யாருக்கா வேலை குடுப்பா? இந்த ஊர்ல ஒரு கேட்டு அடச்சா எல்லா கேட்டும் அடச்ச மாதிரிதான.”

அது உண்மை. இந்த ஊரில் மை காய்வதற்குள் பேர் கெட்டுவிடும். பொறுமையாக இரு என்று சொல்லி அனுப்பினேன். தூக்குவாளியைக் கழுவிக் கொடுத்தேன். அவள் போன பிறகுதான் அவள் கையைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. சாதாரணக் கைதான். வெங்காயம் நறுக்கின தழும்பு ஒன்று.

ஜூலை 26, சனி

கேஸ் வந்தது. மனம் ஒன்றிலும் ஓடவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

காலையில் பிரஸ்ஸுக்குப் போனேன். வாட்ச்மேனைத் தவிர யாரும் இல்லை. மெஷின் சத்தம் இல்லாத பிரஸ்ஸில் என் செருப்புச் சத்தமே எனக்கு எரிச்சலாக இருந்தது.

செல்லக்கனி இடத்தில், அவள் பெயரில் நுழைந்து உட்கார்ந்தேன். நிர்வாகத்தைத் தட்டினேன். அனுமதி இல்லை. சரி. அவள் சொன்ன பொத்தானைத் தட்டினேன். ஆல்பம் திறந்துகொண்டது. பிள்ளையார் சிரித்தார்.

வாசல் கதவு பூட்டியிருக்கிறது. ஆனால் உள் அறையின் விலாசம் தெரிந்தவர்கள் நேரே அங்கே போய் நிற்கலாம்; ஃபோல்டர் இடம் மாறினாலும் பொத்தான் அதைத் தேடிப் போய்விடும். அந்த அறைக்குப் பூட்டே இல்லை. ஏன்?

பொது ஃபோல்டருக்குள் ‘சோதனை’ என்று ஒன்று உண்டாக்கினேன். அதை என் இடத்திலிருந்து நிர்வாகத்துக்குள் இழுத்துப் போட்டேன், ஹரிராம் தையில் செய்த மாதிரியே. செல்லக்கனி இடத்துக்கு வந்து நேரே திறந்தேன். திறந்தது. இன்னொன்று உண்டாக்கி, இழுக்காமல் பிரதி எடுத்து நிர்வாகத்துக்குள் ஒட்டினேன். அது திறக்கவில்லை. மூன்றாவதை நிர்வாகத்துக்குள்ளேயே உண்டாக்கினேன். அதுவும் திறக்கவில்லை.

அவ்வளவுதான் விஷயம். ஒரு ஃபோல்டர் எங்கே பிறக்கிறதோ அந்த வீட்டு அனுமதிகளை வாங்கிக்கொண்டுதான் பிறக்கும். அதே டிஸ்க்குக்குள் இழுத்து இடம் மாற்றினால் புது வீட்டுச் சட்டம் அதற்கு ஏறாது. பிறந்த வீட்டுச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டே போகும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது இதற்கும் சரிதான். நான் படித்ததுதான். என் வீட்டுக்காரரும் ஒரு தடவை சொல்லிக் கொடுத்தார், சர்வர் அறையில் இப்போது நான் உட்காருகிற அதே நாற்காலியில் உட்கார்ந்து.

ஆக, ஆல்பம் பூட்டப்படவே இல்லை. இந்தப் பிரஸ்ஸில் யார் வேண்டுமானாலும் திறந்திருக்கலாம். திறக்கத் தோன்றியது செல்லக்கனிக்கு மட்டும்தான், அதுவும் சாமி கும்பிட. அண்ணாச்சியின் நல்ல நேரமும் மகனின் அவசரமும் சேர்ந்து அவள் தலையில் விடிந்திருக்கிறது.

பதிவையும் மறுபடி பார்த்தேன். ஃபோல்டர் பெயரைப் பார்த்ததும் ஹரிராம் நிறுத்திவிட்டார். நானும் நிறுத்திவிட்டேன். அதற்கு அடுத்த கட்டத்தில் அவள் திறந்த கோப்பு என்னவென்று இருக்கிறது. எல்லா நாளும் பிள்ளையார். முருகன் ஒரு நாள்கூட இல்லை.

ஜூலை 28, திங்கள்

ஹரிராமிடம் சொன்னேன். செய்தும் காட்டினேன். முகம் சுருங்கிவிட்டது.

“அப்ப நான் மூவ் பண்ணதுதான் தப்புன்னு சொல்றீகளா?”

“தப்பு யாருதுன்னு சொல்லல தம்பி. அவ திருடலன்னு சொல்றேன்.”

“ஆடிப் பதினெட்டு முடியட்டும்க்கா. ஏஜெண்டு எல்லாம் வர்ற நேரம். இப்ப போய் எங்க பூட்டே பூட்டலன்னு சொன்னா சிரிப்பாக. அப்புறம் பாப்போம்.” பிறகு, “அண்ணே தவறுனப்புறம் ஒங்களுக்கு இந்த எடத்தக் குடுத்தது எங்கப்பா. அத மறந்துறாதீக” என்றார்.

மறக்கவில்லை. எப்படி மறப்பேன்? சர்வருக்குள் நுழையும்போது இன்றைக்கும் மாரிமுத்து என்று அவர் பெயரைத்தான் அடிக்கிறேன். பதினோரு வருடமாகச் செய்த வேலை முழுவதும் அவர் பெயரில்தான் பதிவாகியிருக்கிறது. யாரும் மாற்றச் சொல்லவில்லை. எனக்கும் மாற்றத் தோன்றவில்லை.

மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன்.

ஜூலை 30, புதன்

அண்ணாச்சி அறைக்குப் போனேன். நேற்றே போயிருக்க வேண்டும். நேற்று பயமாக இருந்தது.

சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிள்ளையார் விஷயம் வந்ததும், “தெனமுமா?” என்றார்.

“தெனமும் அண்ணாச்சி. பதிவுல வேற எதுவும் இல்ல.”

எதிர் பிரஸ் தாளை அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் செருகி வைத்திருந்தார். நம் ஆல்பத்தின் முருகன் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். வைத்ததைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. சர்வருக்குள் வந்தது எல்லாம் சிவப்பு பார்டர் என்று மட்டும் சொன்னேன்.

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். எதிர் பிரஸ் முருகனுக்குப் பச்சை பார்டர்.

“இத நான்தானம்மா அன்னிக்கே மாத்தச் சொன்னேன்?”

“ஆமா அண்ணாச்சி.”

“மாத்துறதுக்கு முந்தி இது யார்ட்ட இருந்துச்சு?”

அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதும் இல்லை. அன்று திண்டுக்கல் ஏஜெண்டு டீயைக் குடித்து முடிப்பதற்குள் அண்ணாச்சியும் அங்கே வந்துவிட்டார். ஹரிராமைக் கூப்பிட்டனுப்பினார். அவர் உள்ளே வந்து இரண்டு தாளையும் பார்த்தார், பிறகு தன் போனில் திண்டுக்கல் ஏஜெண்டுக்கு அனுப்பியிருந்த படத்தைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

“நீ போய் செல்லக்கனி வீட்டுல, அவ புருஷன் முன்னால வச்சுச் சொல்லிட்டு வா. கார்ல போகாத. நடந்து போ. தெருவுல நாலு பேர் பாக்கணும்” என்றார் அண்ணாச்சி.

நான் எழுந்து வந்துவிட்டேன். படி இறங்கும்போது முழங்கால் வலிக்கவில்லை என்று எழுதினால் பொய். வலித்தது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

செல்லக்கனி திரும்பி வந்துவிட்டாள். வந்ததும் அந்தப் பொத்தானைத் தன் கையாலேயே அழித்தாள். பிள்ளையாரைத் தனியாக ஒரு பிரிண்ட் எடுத்து அவள் கம்ப்யூட்டரில் நான் ஒட்டிக் கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மத்தியானம் அண்ணாச்சி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை புது ஃபோல்டர் திறக்க வேண்டும்.

“இந்தத் தடவ எப்படிம்மா செய்யணும்?”

“நிர்வாகத்துக்குள்ளயே உண்டாக்கணும் அண்ணாச்சி. பொதுவுல உண்டாக்கி இழுத்துப் போட்டா மறுபடி இதே கததான்.”

“சரி, நீ ஒன் பேர்ல தொறந்து குடு. கனி அமுக்கட்டும்.”

அப்படியும் செய்யலாம். ஒரு நிமிட வேலை. அது எனக்கும் தெரியும். ஆனால், “வேண்டாம் அண்ணாச்சி. யார் கை அமுக்குதோ அவுக பேர்லதான் அமுக்கணும். ஒருத்தர் பேர்ல இன்னொருத்தர் செஞ்சாத்தான் நாளைக்கு யார் தலையிலயாவது விடியும்” என்றேன்.

“அப்ப யாரு? தம்பி கை வேண்டாம்.” அதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது. “நான் சூடம் காட்டணும். அந்தோணி கூட்டம் முடியுமட்டும் ஏஜெண்டுகளப் பாக்கணும். வேற யாருக்கு அனுமதி இருக்கு?”

“எனக்கு.”

அண்ணாச்சி என் நெற்றியைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சட்டென்று காலண்டரைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இத்தனை வருடம் இவ்வளவு வலித்திருக்காது. பதினோரு ஆடியாக ஒருத்தரும் என்னைப் பூஜைக்கு வர வேண்டாம் என்று சொன்னதில்லை. வா என்றும் சொன்னதில்லை. நல்ல நேரம் நெருங்கும்போது எல்லோருக்கும் சர்வரில் ஏதாவது வேலை ஞாபகம் வரும், “தமயந்தி, செத்த மேல போய்ப் பாரும்மா” என்பார்கள். நானும் போய்விடுவேன்.

“ஏஜெண்டுக ஏதாச்சும்...” என்று அண்ணாச்சி இழுத்தார்.

“மொதலாளி, நான் தொட மாட்டேன்,” என்றாள் செல்லக்கனி. அவள் அவரிடம் இவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. “ராசியான கைன்னு நீங்கதான் சொன்னீக. திருடிக் கைன்னு சொன்னப்ப நீங்க பேசாம இருந்தீக. எனக்கு அந்த ராசி வேண்டாம். அக்கா தொடட்டும்.”

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். வெகுநேரம் துடைத்தார். “யோசிச்சுச் சொல்லுறேன்” என்றார்.

ஆகஸ்ட் 2, சனி

அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. ஆல்பத்தின் அனுமதிகளைச் சரிசெய்தேன். பழைய தவறான கட்டளையைத் தேடி எடுத்துவிட்டு, மேலிருந்து நிதானமாக இறக்கினேன். இப்போது நிஜமாகவே பூட்டியிருக்கிறது.

பிறகு என் பெயரில் ஒரு கணக்கு உண்டாக்கினேன். மாரிமுத்து என்ற பெயரை நிறுத்த வேண்டும். அமுக்கினால், “நிச்சயமாகத்தானா?” என்று கேட்கிறது அந்தப் பெட்டி. அழுகை வந்தது. அழுதுவிட்டு, ஆமாம் என்று அமுக்கினேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பதினெட்டு

காலையில் வழக்கம்போல நேரே சர்வர் அறைக்குப் போய்விட்டேன். ஒருவரும் போகச் சொல்லவில்லை. கால் பழகிவிட்டது. கீழே ஏஜெண்டுகள் சத்தம், மணிச் சத்தம். இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கதவைத் தட்டினார்கள். செல்லக்கனிதான் வருவாள் என்று நினைத்தேன். அண்ணாச்சி நின்றிருந்தார். இரண்டு மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. அவர் இந்த அறைக்கு வந்ததே இல்லை.

“நேரம் ஆச்சும்மா. வா.”

“இங்க இருந்தே உண்டாக்கிறலாம் அண்ணாச்சி. நீங்க ஏறி வந்திருக்க வேண்டாம்.”

“கீழ வந்து செய்யி. எல்லாரும் இருக்காக.”

செல்லக்கனி தன் நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தாள். ஹரிராம் ஓரமாகத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு வயதான ஏஜெண்டு பக்கத்து ஆள் காதில் ஏதோ சொன்னார். அண்ணாச்சி அவர் பக்கம் திரும்பி, “இந்த வருசம் ஆல்பத்தக் காப்பாத்துனது இந்தக் கைதான். போதுமா?” என்றார். என் பெயரை அடித்து உள்ளே போனேன். நிர்வாகத்தைத் திறந்தேன். அதற்குள் 2027 என்று ஒரு ஃபோல்டர். பிள்ளையாரை எடுத்து உள்ளே வைத்தேன்.

எல்லோரும் ஆல்பத்தை வாங்க நகர்ந்த பிறகு, பழக்க தோஷம், ஒரு தடவை சரிபார்த்தேன். அனுமதிகள் மேலிருந்து ஒழுங்காக இறங்கியிருந்தன. உண்டாக்கியவர், தமயந்தி.

சூடம், ஊதுவத்தி, சாம்பிராணி எல்லாம் ஏற்றியிருந்தார்கள். கடைசிவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பொங்கல் சூடாக இருந்தது. புகை என்னை ஒன்றும் செய்யவில்லை.